பதினைந்தாவது இறகு

யோக்யகர்த்தா பறவைச் சந்தையில் கூண்டு முன்னால் குந்தியிருந்த வாகிமினுக்கு, வியாபாரி துகிஜோவின் சிரிப்பே பிடிக்கவில்லை. உள்ளே இருந்த புறாவின் கழுத்தில் சாதாரணப் புள்ளிப்புறாவுக்கு இருப்பதுபோல் புள்ளியில்லை, வரிதான். ஆகவே ஜாவாக்காரர்கள் ராசிக்காக வளர்க்கும் பெர்குதுத் புறாதான், அதில் மோசடியில்லை. ஆனால் வாலில் பதினைந்து இறகாம்! ஊரில் உள்ள பெர்குதுத்துக்கெல்லாம் பதினாலுதான். பதினைந்து உள்ளது வீட்டுக்கு வந்தால் யோகமும் கூடவே வரும் என்பார்கள்.

"ஒண்ணைப் பசை வச்சு ஒட்டியிருப்ப. குருவிக்குச் சாயம் பூசி வித்தவன்தானே நீ?"

"அது என் மச்சான், அண்ணே. நல்லா எண்ணிப் பாருங்க. இழுக்க மட்டும் செய்யாதீங்க. புறா பயந்தா வாலையே உதுத்துட்டு ஓடிரும்."

"அதானே பாத்தேன்! இழுத்தா உன் குட்டு வெளிப்பட்டுரும்ல?"

வாகிமின் கூண்டுக்குள் கையை விட்டு வாலைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தார். புறா படபடவென்று அடித்துக்கொண்டு மூலைக்கு ஓடியது, மொட்டையாக. வால் மொத்தமும் அவர் கையில் இருந்தது. ஒவ்வோர் இறகாக அடியைத் தடவிப் பார்த்து எண்ணினார். பசை எதிலுமே இல்லை. சரியாகப் பதினைந்து.

"சந்தேகம் தீந்துச்சாண்ணே?" என்றான் துகிஜோ. "யோகம் முழுசும் உங்க கையிலதான் இருக்கு."