முழங்காலில் தங்கிய அடிகள்

ஜார்ஜியாவில் கமலவேணி ஆடத் தொடங்கிய சாயங்காலம், அரியலூரில் அவள் அண்ணன் வீரமணியின் முன்பற்கள் இரண்டு தெறித்துச் சோற்றுத் தட்டில் விழுந்தன. யாரும் அவனைத் தொடவில்லை.

காரணம் எளிதுதான். கரகம் எடுப்பவளின் தலை அசையாது; உடம்பின் குலுக்கலையெல்லாம் முழங்கால் வாங்கிக்கொள்ளும். பானை நிற்பது அதனால்தான். திருவிழாக் குழுவோடு சேர்ந்து கரகம் பழகியதற்காக வீரமணி மண்வெட்டிக் காம்பால் அடித்தபோதெல்லாம் அவள் தலை நிமிர்ந்தே நின்றாள். அடிகள் முழங்காலில் இறங்கித் தங்கிவிட்டன. டாக்டருக்குப் படிக்கப் போன ஜார்ஜியாவில், தனக்கு ஆடவே தெரியாது என்றுதான் சொல்லி வைத்திருந்தாள். ஆனால் அறைத்தோழி நினோவின் ஊர்ப் பெண்களும் தலை அசையாமல், காலில் சக்கரம் வைத்ததுபோல வழுக்கி ஆடுகிறவர்கள். கமலவேணி படியேறும் நடையைப் பார்த்ததுமே, தலையில் எதைச் சுமந்து பழகினாய் என்று நினோ கேட்டாள். மறுவாரம் வீட்டிலிருந்து ஒரு மண் ஒயின் சாடியைக் கொண்டுவந்து அவள் தலையில் வைத்தாள். முழங்கால் மடங்கியது. அடிகள் புறப்பட்டன.

அவள் ஆடிய நேரமும் பல் போன நேரமும் ஒன்றென்று தெரிந்ததும் வீரமணி போனில் கத்தினான். "ஆட்டத்த நிறுத்துடி, பல்லு போச்சு!"

"நான் அடிக்கலண்ணே. நீ குடுத்ததுதான் திரும்பி வருது."

"இன்னும் எவ்ளோ இருக்கு?"

"குடுத்தவன் நீ, என்னயக் கேக்குற?"

அடுத்த ஆட்டத்தில் விலா எலும்பு முறிந்தது. வீரமணி குவாரியில் வெடி வைப்பவன். அதிர்வு பாறை வழியே முதலில் வரும், சத்தம் பிறகுதான் வரும் என்று தெரிந்தவன். அரியலூரின் சுண்ணாம்புக்கல்தான் அடிகளைக் கடத்துகிறது என்று முடிவுகட்டி, ரஞ்சன்குடிக் கோட்டையின் கருங்கல் பாறையில் போய் உட்கார்ந்தான். பிசகியது அங்கேதான். சுண்ணாம்புக்கல்லுக்கு இடையே களிமண் படுகைகள் உண்டு. பாதி அதிர்வை அவை தின்றுவிடும். கருங்கல் எதையும் தின்னாது. அன்று அவன் முழங்கை பின்பக்கம் மடங்கி, எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து பேசினான். "நிறுத்தச் சொல்லல கமலா. வெடிக்கு முன்னால சங்கு ஊதுவோம்ல, அது மாதிரி ஒரு போனாவது போடு."

"நீ எனக்கு ஊதுனியாண்ணே?"

அவள் போன் போடவில்லை. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் நினோதான் போடுகிறாள், பாஷை தெரியாததால் மணியடித்ததும் வைத்துவிடுவாள். வீரமணி உடனே குவாரி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, துண்டைக் கடித்தபடி தரையில் உட்காருவான். அம்மா பெரியம்மாள் சோற்றுத் தட்டைத் தள்ளி வைப்பாள்.