கருவாட்டுக் களத்தில் காக்கை பிடித்த விதம்

காக்கை பிடிக்க நினைப்பவன் குனியக் கூடாது. ராயபுரத்துக் காக்கைகளைப் பற்றி நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இது ஒன்றுதான். மற்றவற்றில் எனக்கே சந்தேகம் உண்டு. கையில் கல் இருக்கிறதா என்று அவை பார்ப்பதில்லை. இடுப்பு வளைந்ததுமே கிளம்பிவிடும். கல்லை முன்னதாகவே மடியில் முடிந்துகொண்டு நிமிர்ந்து நின்று பார்த்தேன். மறுநாள் மடியில் கை வைத்தாலே பறக்கப் பழகிக்கொண்டன.

பகலில் எனக்குப் பட்டம்மாள் அக்காவின் கருவாட்டுக் களத்தில் வேலை. மாலையில் மாதா கோயில் பக்கத்தில் எழுதப் படிக்க வகுப்பு. களம் அக்காவின் புருஷன் அப்பாவு நடத்தியது. அவர் இறந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. அவருடைய தம்பி பரசுராமன் காத்திவாக்கத்திலிருந்து அடிக்கடி வந்து, பெண்பிள்ளை கையில் களம் நிற்காது, சாவியைக் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் உறவுக்காரர்கள் கூடி ஒரு முடிவு செய்தார்கள். தலைத்திவசத்தன்று படைக்கும் சோற்றைக் காக்கை எடுத்தால் அப்பாவுவுக்கு மனக்குறை இல்லை என்று அர்த்தம், களம் அக்காவுக்கே. எடுக்காவிட்டால் தம்பிக்கு. அக்கா யோசிக்காமல் தலையாட்டினார். நெத்திலியைப் பாயில் கொட்டுவதற்கு முன்பே கூடைக்குள் தலையை விடும் காக்கைகள் எங்களுடையவை.

அந்த வாரமே அக்கா என்னைக் கூப்பிட்டு, பாதி நெத்திலி காக்கை வயிற்றுக்குப் போகிறது, ஒன்றைப் பிடித்துக் கம்பத்தில் கட்டு, மற்றவை கிட்டே வராது என்றார். கொல்லக் கூடாது என்பதில் மட்டும் கண்டிப்பு. ஒன்றுக்கொன்று முட்டும் இரண்டு காரியங்கள் இவை என்பது அவருக்கும் உறைக்கவில்லை, எனக்கும் உறைக்கவில்லை.

மூட்டை தூக்கும் துரை, சோற்றைக் கள்ளில் ஊறவைக்கச் சொன்னான். காக்கைகள் தொடவில்லை. களத்து நாய் தின்றுவிட்டு மீன் கூடைக்குள் படுத்துத் தூங்கியது. பிறகு ஆலம்பாலைக் காய்ச்சிக் குச்சிகளில் தடவி வைத்தேன். அதில் பக்கத்து வீட்டு ஷரீஃபுன்னிசாவின் கோழி ஒட்டிக்கொண்டது. அவர் கோழியைக் குச்சியோடு தூக்கிவந்து, இது கறுப்பா வெளுப்பா என்று பார்த்துச் சொல்லும்படி என்னைக் கேட்டார். வெளுப்புதான்.

குதிரை வால் மயிரில் கண்ணி முடிந்தால் காக்கைக்குத் தெரியாது என்று யாரோ சொன்னார்கள். ஜட்கா ஓட்டும் ரஷீது பாய், குதிரைக்குத் தெரியாமல் எடுத்துக்கொள் என்றார். குதிரைக்குத் தெரிந்துவிட்டது. நொண்டிக்கொண்டே கண்ணிகளை முடிந்து, நடுவில் நெத்திலியை வைத்தேன். காக்கைகள் எல்லாம் சுவரில் வரிசையாக உட்கார்ந்து பார்த்தனவே தவிர ஒன்றும் இறங்கவில்லை. கொடுப்பதை அவை நம்புவதில்லை என்று தோன்றியது. அதனால் நெத்திலியை மணலில் பாதி புதைத்து, திருடன் மாதிரி நாலு பக்கமும் பார்த்துவிட்டு நகர்ந்தேன். நான் திரும்புவதற்குள் ஒன்று மாட்டிக்கொண்டது.

அதன் காலில் வலைநூலைக் கட்டிக் காலையில் கம்பத்தில் விடுவேன். வெயில் ஏறியதும் கொட்டகைக்குப் பின்னால் கூடையில் கவிழ்த்து மீன் தலை போடுவேன். முதலில் ஊர்க் காக்கைகள் எல்லாம் திரண்டு வந்து கத்தின. என் தலையையும் கொத்தின. பிறகு அவை களத்தை விட்டன, தெருவையே விட்டன. நெத்திலி நிம்மதியாகக் காய்ந்தது. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

திவசத்தன்று மதில்மேல் இலை போட்டுப் படைத்தார்கள். சோறு, வடை, பாயசம். அக்கா கூப்பிட்டார். உறவுக்காரர்கள் கூப்பிட்டார்கள். வானத்தில் துறைமுகத்துப் புகையைத் தவிர கறுப்பாக ஒன்றுமில்லை. காக்கை எடுக்காமல் யாரும் சாப்பிட முடியாது. பிள்ளைகள் அழ ஆரம்பித்தார்கள். பரசுராமன் மட்டும் கூப்பிடவில்லை. கொட்டகையைச் சுற்றி நடந்து, எந்தக் கம்பத்தை மாற்றலாம் என்று தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு கூடை இருக்கும் பக்கம் பார்த்தார்.

நான் பின்பக்கமாகப் போனேன். அன்றைய பரபரப்பில் அதற்கு மீன் தலை போட மறந்திருந்தேன், அதுவும் நல்லதாயிற்று. அவிழ்த்துவிட்டால் நேரே கடலுக்குப் பறந்துவிடுமோ என்று பயம். ஆகவே நூலை அவிழ்க்காமல் நீளமாக விட்டு, நுனியைப் பிடித்துக்கொண்டு மதிலுக்குப் பின்னால் உட்கார்ந்து, காக்கையை மேலே ஏற்றிவிட்டேன். இது திவசம் ஆகுமா என்று எனக்குத் தெரியாது. எங்கள் மதத்தில் இது இல்லை.

அது இலையைப் பார்த்தது. நடந்துபோய் வடையை எடுத்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரே கும்பிடு. பிறகு பரசுராமனின் குரல் கேட்டது.

"அண்ணி, கால்ல இன்னாவோ கவுறு கீது?"

நான் மதில் இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தேன். அக்கா நிதானமாகப் பதில் சொன்னார்.

"உசுரோட கீறப்பவும் உங்கண்ணனக் கட்டிப்போட்டுதான நா சோறு போட்டேன்? வுட்டா நேரா கள்ளுக்கடதான். உனக்குத் தெரியாதா?"

முதலில் ஒரு கிழவர் சிரித்தார். அப்பாவுவைக் கள்ளுக்கடையிலிருந்து தூக்கிவந்தவர்களில் அவரும் ஒருவர். அவரைத் தொடர்ந்து மற்றவர்களும் சிரித்தார்கள். பரசுராமன் இன்னும் ஏதோ சொல்ல வந்தார். பசியில் இருந்த கூட்டம் அவரைத் தாண்டிப்போய்ப் பந்தியில் உட்கார்ந்துவிட்டது. கொஞ்ச நேரம் தனியாக நின்றுவிட்டு அவரும் ஓர் இலைமுன் உட்கார்ந்தார். சாவியைப் பற்றி யாரும் பேசவில்லை.

என்னை யாரும் சாப்பிடக் கூப்பிடவில்லை. நூலை விடலாமா கூடாதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். அக்கா ஓர் இலையில் எனக்குச் சோறு கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். மேலே பார்த்தார். காக்கை வடையை முடித்துவிட்டு, பாயசத்தை ஒதுக்கி, அடுத்த வடைக்குப் போயிருந்தது.

"அவரும் இனிப்பு தொடமாட்டாரு," என்றார் மெதுவாக. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இன்னும் ரெண்டு வாய் துன்னட்டும், லூர்து. அப்பால வுட்டுடு."

நான் இடது கையில் நூலைப் பிடித்துக்கொண்டு வலது கையால் சாப்பிட்டேன்.