பத்தொன்பது நீலப் பைகள்

"அந்த ஸ்டாண்டு வெளிய போனா, நான் உள்ள வரமாட்டேன்."

கடைக்காரர் இரும்பு ஸ்டாண்டின் ஒரு முனையைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். கல்யாணமாகி இருபது வருஷத்தில் மனைவி அவரிடம் நிபந்தனை போட்டது இதுதான் முதல் தடவை. பள்ளிக்கூடத்துக்கு எதிரே நோட்டு, பேனா, நகலெடுக்கும் மெஷின் என்று பிழைப்பு நடத்தும் கடை. பின்கட்டில் வீடு. ஒரு மாதமாகப் பூட்டிக் கிடந்த கடையை அன்றைக்குத்தான் திறக்கிறார்கள்.

அந்தத் தெருவின் கடைகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. வளர்ந்த பிள்ளைகள் பையை வெளியே ஸ்டாண்டில் வைத்துவிட்டுத்தான் உள்ளே கால் வைக்க வேண்டும். பெரியவர்கள் மூட்டையோடு வரலாம், கேட்பாரில்லை. சின்னக் குழந்தை வந்தால் கன்னத்தைக் கிள்ளி மிட்டாய் கொடுப்பார்கள். அதே குழந்தை நாலு அங்குலம் வளர்ந்துவிட்டால் போதும், திருட்டுப் பட்டம் கட்டிவிடுவார்கள். இதை ஆரம்பித்த புண்ணியவான் யாரென்று ஒருவருக்கும் தெரியாது. தெரியாததனால் யாரும் நிறுத்தவும் இல்லை.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண். கடைக்காரி மனதுக்குள் அவளுக்கு ஒல்லி என்று பெயர் வைத்திருந்தாள். அந்தப் பெண் இரண்டு தடவை கேட்டாள், "அக்கா, பை என்கிட்டயே இருக்கட்டுமே" என்று. இரண்டு தடவையும் கடைக்காரி சிரித்துக்கொண்டே ஒரே பதிலைச் சொன்னாள்.

"உனக்கு மட்டும் தனிச் சட்டமா?"

வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். காரணத்தை நாலு பேர் முன்னால் சொல்லக் கூசி, ஒல்லியும் சிரித்துவிட்டுப் பையை வெளியே வைத்தாள்.

போன மாதம் பரீட்சைக்கு முந்தின நாள் சாயங்காலம் அவள் வகுப்பு முழுக்கக் கடைக்குள் இருந்தது. நெரிசலில் ஒல்லி திடீரென்று தரையில் உட்கார்ந்தாள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசலைக் காட்டினாள். மூச்சிழுப்புக்கான மருந்து பையில் இருக்கிறது என்று புரிந்துகொள்ளக் கடைக்காரிக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஓடினாள். ஸ்டாண்டில் பத்தொன்பது பைகள். பள்ளிக்கூடம் எல்லோருக்கும் கொடுத்த ஒரே மாதிரி நீலப் பைகள். ஒவ்வொன்றாக ஜிப்பை இழுத்து உள்ளே கைவிட்டுத் துழாவினாள். பாதி தின்ற பன், ஈரக் காலுறை, எட்டாக மடித்த காதல் கடிதம், யாருடைய அம்மாவுக்கோ எழுதிய மருந்துச் சீட்டு, தம்பியின் உடைந்த பொம்மைக் கார். திருடிய பென்சில் ஒன்றுகூட இல்லை. மருந்து பதினேழாவது பையில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தபோது, வாசலைக் காட்டிய கை கீழே விழுந்திருந்தது.

உங்கள் மேல் தப்பில்லை என்று ஊரே சொல்லிவிட்டது. மகளைப் பறிகொடுத்த ஒல்லியின் அம்மாகூடச் சொன்னாள். அதைத்தான் கடைக்காரியால் தாங்க முடியவில்லை. தினமும் நாலேகால் மணிக்குப் பள்ளிக்கூட மணி அடித்ததும் அவள் விரல்கள் தாமாகவே எதையோ துழாவும். எங்கேயாவது ஜிப் இழுபடும் சத்தம் கேட்டால் உடம்பு தூக்கிவாரிப் போடும். தன் கைப்பையைக்கூடத் தொடுவதை விட்டுவிட்டாள்.

ஸ்டாண்டு வெளியே வராததைப் பார்த்து எதிர்க்கடை பாத்திரக்காரர் வந்துவிட்டார். வியாபாரிகள் சங்கத் தலைவர் அவர்தான். நடந்தது விதி, அதற்காக வழக்கத்தை விட்டால் நாளைக்கு எல்லாக் கடையிலும் பிள்ளைகள் தலைமேல் ஏறிவிடுவார்கள் என்று நயமாகவே சொன்னார். அவள் ஸ்டாண்டை வெளியே எடுக்காததைக் கண்டதும் குரல் மாறியது.

"தெருவுக்கெல்லாம் ஒரு சட்டம், உங்களுக்கு மட்டும் தனிச் சட்டமாம்மா?"

 கடைக்காரியின் வார்த்தை அவளிடமே திரும்பி வந்திருந்தது.

"ஆமாங்க. எனக்கு மட்டும் தனிச் சட்டம்தான்" என்றாள். "பதினேழு பையை நான் திறந்து பாத்தவ. உங்க கடைச் சாமான் ஒண்ணும் அதுல இல்ல."

அவர் போனபிறகு கடைக்காரர் ஸ்டாண்டின் ஒரு முனையைத் தூக்கினார். ஸ்டாண்டின் ஒரு முனையைத் தூக்கினார். மறுமுனையை அவள் பிடித்தாள். உள்ளே மின்விசிறிக்குக் கீழே அதைப் படுக்கப் போட்டு, மேலே பலகை வைத்துப் பெஞ்சாக்கினார்கள். பக்கத்தில் ஒரு குடம் தண்ணீரும் வைத்தாள்.

நாலேகாலுக்கு மணி அடித்தது. அதே வகுப்புப் பிள்ளைகள் தயங்கித் தயங்கி வந்தார்கள். ஸ்டாண்டு இருந்த இடத்தில் வெறும் தரையில் பைகளை வரிசையாக வைத்துவிட்டு, வெறுங்கையோடு படியில் நின்றார்கள். பையோடு உள்ளே வரலாம் என்று கடைக்காரி சொன்னாள். யாரும் நம்பவில்லை.

ஒல்லியின் சிநேகிதி மட்டும் தன் பையை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். கேட்பதற்கு முன்னாலேயே ஜிப்பை இழுத்து, பையை விரித்து கடைக்காரி முன்னால் நீட்டினாள்.

"பாத்துக்கோங்கக்கா. ஒண்ணும் இல்ல."

கடைக்காரி பைக்குள் பார்க்கவில்லை. ஜிப்பை மூடி, அதை அவள் தோளிலேயே மாட்டிவிட்டாள். பிறகு தானே வெளியே போய், தரையில் கிடந்த பைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி உள்ளே கொண்டுவந்து பெஞ்சில் வைத்தாள். எதிர்க்கடையில் தலைவர் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் நிறுத்தவில்லை.

கடைசிப் பையை வைத்துவிட்டு, சிநேகிதியின் பையையும் சேர்த்து எண்ணினாள். பதினெட்டு.