கீழே பதினெட்டு மில்லிமீட்டர்

1

இந்தக் கதை எனக்குச் சமையலறையில் கிடைத்தது. தங்கை பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள், நான் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். முதுகைக் காட்டிக்கொண்டுதான் சொன்னாள். முகம் பார்த்துச் சொல்லியிருந்தால் பாதியிலேயே நிறுத்தியிருப்பாள். எல்லாம் சொல்லிவிட்டுக் குழாயை மூடினாள்.

"எழுதணும்னா திருப்பி எழுதிக்கோக்கா. ஆனா என்னை நல்லவளா காட்டாத."

கதை எழுதுகிறவளுக்கு இப்படி ஒரு நிபந்தனை. சொந்தத் தங்கையை நல்லவளாகக் காட்டாமல் எப்படி எழுதுவது? சில தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

(உலகத்தில் இரண்டு வகைக் காகிதங்கள் உண்டு. ஒன்று)

வேண்டாம். பள்ளிக்கூடக் கட்டுரைப் போட்டி மாதிரி இருக்கிறது.

(அவள் எந்தத் தப்பும் செய்யவில்லை.)

இதைப் படித்ததும் தங்கை என் பேனாவைப் பிடுங்கி ஒரே கோடாக அடித்துவிட்டாள். அடித்ததை அப்படியே விட்டிருக்கிறேன். ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்லிக்கொண்டு போகிறேன். இடையில் நான் அவள் பக்கம் சாய்ந்தால் நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள்.

2

தங்கைக்கு மருத்துவமனையில், கை சிகிச்சைப் பிரிவில் வேலை. எலும்பு முறிந்தோ நரம்பு அறுந்தோ தையல் போட்டுக்கொண்டு வருகிறவர்களின் விரல்களுக்கு மறுபடி மடங்கவும் நீளவும் பழக்க வேண்டும். அங்கே ஒரு நீள மேஜை. அதன்மேல் துணி கிளிப்புகள், பொத்தான் வைத்துத் தைத்த பழைய சட்டைத் துண்டுகள், பாட்டில் மூடிகள், பிசைந்த களிமண். பார்த்தால் குழந்தைகள் விளையாடி எழுந்து போன இடம் என்று நினைப்பீர்கள். வளர்ந்த ஆண்கள் அங்கே ஒரு கிளிப்பை அழுத்த முடியாமல் அழுவார்கள்.

அந்தப் பிரிவின் தலைவியை எல்லாரும் 'கைமேடம்' என்பார்கள். அவருக்கும் அது தெரியும், தெரியாத மாதிரி இருந்துகொள்வார். பேச்சில் படு சிக்கனம். ஒரு தொழில் பத்திரிகையில் ஒரே ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். அதில் ஒரு வரி:

'கை குணமானதை அந்தக் கை சொல்லாது. இன்னொரு கை சும்மா இருக்கும், அதுதான் சொல்லும்.'

அடிபட்ட கைக்குப் பதிலாக நல்ல கை ஓடி ஓடி வேலை செய்துகொண்டிருக்கும். அது ஓடாமல் சும்மா இருக்கிற அன்றைக்கு நோயாளியை வீட்டுக்கு அனுப்பலாம். இவ்வளவுதான் பொருள். எனக்கு இப்படி ஒரு வரி இதுவரை வந்ததில்லை.

இதே துறையில் மேற்படிப்புக்குத் தங்கை வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு விண்ணப்பித்தாள். பரிந்துரை எழுதியவர் கைமேடம். தன் அனுபவத்தைப் பற்றி ஒரு கட்டுரையும் அனுப்ப வேண்டும். அதில் கைமேடத்தின் இந்த வரியையும், வேறு சில கவனிப்புகளையும் சேர்த்துக்கொண்டாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன எண் போட்டு, அந்தந்தப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் அவர் பெயரையும் போட்டாள்.

போட்டாள். நானே பார்த்தேன்.

3

விண்ணப்பக் குறிப்பில் ஒரு வரி இருந்தது: 'கட்டுரை லெட்டர் அளவில், நான்கு பக்கங்களுக்கு மிகாமல் இருக்க வேண்டும்.'

"அது என்னக்கா லெட்டர் அளவு?" என்று கேட்டவள் தானே பதிலும் சொல்லிக்கொண்டாள். "லெட்டர் எழுதற மாதிரி அடக்கமா எழுதச் சொல்றாங்க போல. வளவளன்னு இழுக்கக்கூடாது."

நான் தலையாட்டினேன்.

"அப்போ 'நலம், நலமறிய ஆவல்'னு ஆரம்பி" என்றாள் அம்மா.

சிரித்தோம். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் காது மடல் சூடாகிறது. லெட்டர் என்பது ஒரு காகிதத்தின் பெயர்.*

* நாம் ஏ ஃபோர் என்று வாங்குகிற தாள் 210 மில்லிமீட்டர் அகலம், 297 உயரம். உலகத்தில் பெரும்பாலான இடங்களில் அதுதான். சில நாடுகளில் மட்டும் லெட்டர் என்று வேறொரு தாள் புழங்குகிறது: 216 அகலம், 279 உயரம். நம்முடையதைவிடக் கொஞ்சம் அகலம், பதினெட்டு மில்லிமீட்டர் குட்டை. வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறவர்கள் குளிர் உடுப்பைப் பற்றி விசாரிப்பார்கள், மின்சார பிளக் எப்படி இருக்கும் என்று கேட்பார்கள். காகிதத்தின் உயரத்தை யார் கேட்பார்கள்?

கட்டுரை நான்கு பக்கத்தில் அடங்கவில்லை. வெட்ட மனமில்லாமல் தங்கை தாளின் கீழ் ஓரத்து வெற்றிடத்தை ஒட்டக் குறைத்தாள். அடிக்குறிப்புகள் காகிதத்தின் விளிம்புக்கே இறங்கிவிட்டன. ஏ ஃபோரில் எல்லாம் சரியாக உட்கார்ந்தது. அனுப்பிவிட்டாள்.

4

நேர்காணல் காணொளியில். அவர்களுக்குக் காலை, எங்களுக்குச் சாயங்காலம். கட்டிலில் குவிந்திருந்த துணியை அள்ளி என் அறையில் போட்டோம். அம்மாவிடம் மிக்ஸி போடக்கூடாது என்று சொல்லி வைத்தோம்.

திரையில் மூன்று பேர். வெள்ளை முடியை ஒட்ட வெட்டிய ஓர் அம்மாள், ஒரு வழுக்கைத் தலைக்காரர், குனிந்து குறிப்பெடுத்துக்கொண்டே இருந்த இன்னொருவர். வெள்ளை முடி அம்மாள் கட்டுரையைக் காகிதத்தில் அச்செடுத்துக் கையில் வைத்திருந்தார். அதைப் பார்த்து அந்த வரியை வாசித்தார். கை குணமானதை அந்தக் கை சொல்லாது. வாசித்துவிட்டு நிமிர்ந்தார்.

"எவ்வளவு அழகான வரி."

"நன்றி" என்றாள் தங்கை.

வழுக்கைத் தலைக்காரர் தொண்டையைச் செருமினார். "இதே வரியை நான் வேறு இடத்தில் படித்தேன். உங்களுக்குப் பரிந்துரை எழுதியவருடைய கட்டுரையில். இங்கே அவர் பெயர் எங்குமே இல்லையே?"

(இந்த இடத்தில் என் கதாபாத்திரத்தின்மேல் எனக்கே சந்தேகம் வருகிறது. 'இருக்கிறதே, பக்கத்தின் அடியில் பாருங்கள்' என்று சொன்னால் தீர்ந்தது. பெயர் போட்ட எவளும் அதைத்தான் சொல்வாள். வாசகர் நம்ப வேண்டுமே என்று இரண்டு முறை மாற்றி எழுதினேன். ஆனால் நடந்தது இதுதான்.)

தங்கை "சாரி" என்றாள்.

அதற்குப் பிறகு என்ன கேட்டார்கள், என்ன சொன்னாள் என்று அவளுக்கு நினைவில்லை. வெளியே வந்தவளிடம், "ஏன்டி சாரி சொன்ன?" என்றேன்.

"தெரியல. வாயில அதுதான் வந்துச்சு."

5

பல்கலைக்கழகத்தார் கைமேடத்துக்கு எழுதிக் கேட்டுவிட்டார்கள். வேலை முடிகிற நேரம். கைமேடம் மேஜையில் கிடந்த கிளிப்புகளை ஒவ்வொன்றாக டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார்.

"என் வரியை எடுத்தியா?"

"எடுத்தேன் மேடம்."

"என் பேரைப் போட்டியா?"

"போட்டேன் மேடம்."

"அவங்க இல்லைங்கறாங்க. நீ சாரி கேட்டியாமே?"

கைமேடம் டப்பாவை மூடினார்.

"சரி, போ."

அதன்பிறகு நோயாளிகளைப் பற்றி மட்டும்தான் பேசினார். மற்றவர்கள் கவனித்தார்கள். தங்கை உள்ளே வந்தால் பேச்சை மாற்றினார்கள். அவள் வீட்டுக்கு வந்ததும் கணினியைத் திறப்பாள். பெயர் இருக்கும். அச்செடுப்பாள். அதிலும் இருக்கும். மறுநாளும் திறப்பாள்.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் கையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

"அக்கா, அந்தம்மா கையில இருந்த பேப்பர் ஒரு மாதிரி சப்பட்டையா இருந்துச்சு. நம்ம பேப்பரை யாரோ மேலேருந்து அமுக்கின மாதிரி."

தேடினாள். லெட்டர் என்றால் என்னவென்று அப்போதுதான் தெரிந்தது. பெரிய தாளுக்குப் போட்ட பக்கத்தைக் குட்டைத் தாளில் சுருக்காமல் அப்படியே அச்சடித்திருக்கிறார்கள், அடிப்பக்கம் தாளுக்கு வெளியே போய்விட்டது. கத்தரிக்கோலும் அளவுகோலும் எடுத்துவந்து, தன் கட்டுரையின் பக்கங்களைக் கீழேயிருந்து பதினெட்டு மில்லிமீட்டர் அளந்து வெட்டினாள்.

"எதுக்குடி நல்ல காகிதத்தை வெட்டற?" என்றாள் அம்மா.

மேஜையில் நான்கு காகித நாடாக்கள் விழுந்தன. ஒவ்வொன்றிலும் பொடி எழுத்தில் கைமேடத்தின் பெயர்.

"அப்பாடா!" என்று நான் கத்தினேன். தங்கை நாடாக்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

6

மறுநாள் அவற்றைக் கைமேடத்திடம் காட்டினாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒவ்வொன்றாகப் படித்தார்.

"ஐயோ. உன்னைப் போய்ச் சந்தேகப்பட்டுட்டேனேம்மா. மன்னிச்சிடு."

தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டார். ஆயிரம் கைகளைப் பிடித்துப் பழகியவர், இதை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் பிடித்தாராம்.

என் முதல் பிரதி இங்கே முடிந்தது. தப்பு காகிதத்துடையது, இரண்டு பெண்களும் சமாதானம், சுபம். தங்கை படித்துவிட்டுத் தாள்களை என் மடியில் போட்டாள்.

"எல்லாம் பேப்பர் பண்ணின வேலைன்னு முடிச்சிட்டியே. அப்போ நான் எங்க?"

அப்புறம்தான் அந்தப் பாத்திரம் துலக்கல்.

"அந்தம்மா வரியைப் படிச்சு அழகா இருக்குன்னாங்க இல்ல, எனக்கு ஜில்லுன்னு இருந்துச்சுக்கா. அது மேடம் வரின்னு எனக்குத் தெரியும். அவங்களுக்கும் தெரியும்னு நினைச்சுத்தான் நன்றி சொன்னேன். அப்படி நினைச்சேனா? அதுதான் தெரியல. ஒரு நொடி அது என் வரியாவே இருந்துச்சு. உடனே அவர் கேட்டுட்டார். என்னைப் பிடிச்சிட்டாங்கன்னு தோணுச்சு." ஒரே தட்டைத் திரும்பத் திரும்பத் தேய்த்தாள். "இப்போ மேடம் எங்கிட்ட மன்னிப்புக் கேக்கறாங்க. நான் தலையாட்டிட்டு வந்துட்டேன்."

நான் துடைத்துக்கொண்டிருந்த தம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். 'ஒரு நொடிதானே, விடு' என்று சொல்ல வாயெடுத்தேன். யாரோ பாராட்டிய ஒரு வரிக்குள் நானும் இப்படி ஒரு நொடி (இந்த வாக்கியத்தை முடிக்கப் போவதில்லை. இது அவள் கதை.)

7

காகித விஷயத்தை மட்டும் இரண்டு வரியில் பல்கலைக்கழகத்துக்கு எழுதினாள். பதில் வந்தது. கோப்பைத் திரையிலேயே திறந்து பார்த்தார்களாம், பெயர் இருக்கிறதாம், வருந்துகிறார்களாம், மறுபடி பேசலாமாம். கீழே வெள்ளை முடி அம்மாள் தானாகச் சேர்த்திருந்தார்: 'ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. பெயர் போட்டிருக்கும்போது ஏன் மன்னிப்புக் கேட்டீர்கள்? அங்கிருந்தே தொடங்குவோம்.'

வீடு கூடி யோசித்தது.

"இதுக்கா மண்டையை உடைச்சிக்கறீங்க?" என்றாள் அம்மா. "காது சரியா கேக்கல, 'என்ன?'ன்னு கேக்கறதுக்குத்தான் 'சாரி?'ன்னேன்னு சொல்லிடு."

அவர்கள் பேச்சில் அதற்கும் அந்தச் சொல்தானே! வெகுநாளைக்குப் பிறகு தங்கை சிரித்தாள். அதை ஒரு முடிவாகவே எழுதி வைத்தேன். நன்றாகத்தான் இருந்தது.

இன்னொரு முடிவும் எழுதினேன். அதில் அவள், 'எங்கள் பழக்கம் அப்படி. மேலே இருப்பவர்கள் குற்றம் சொன்னால் முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுவோம், குற்றம் இருக்கிறதா என்று அப்புறம்தான் பார்ப்போம்' என்கிறாள். மூவரும் அனுதாபத்தோடு தலையாட்டுகிறார்கள்.

"இது பொய் இல்ல" என்றாள் தங்கை. "ஆனா நான் சாரி சொன்னது இதுக்காக இல்லையே."

மூன்றாவது முடிவில் அவள் எல்லாவற்றையும் சொல்கிறாள். அதை ஆரம்பித்தேன். (அவள் திரையைப் பார்த்து, "அந்த ஒரு நொடி நான்) அதற்கு மேல் கை ஓடவில்லை. ஏனென்றால் மறுபடி பேசிய அன்று அந்த அறையில் அவள் தனியாக இருக்கவில்லை. கைமேடத்தை அவளே வீட்டுக்கு அழைத்திருந்தாள்.

"அவங்க எதுக்குடி?" என்றேன்.

"அவங்க பக்கத்துல இருக்கும்போது என்ன வாயில வருதோ, அதைச் சொல்றேன்."

நடந்ததில் எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். இடம் கிடைத்துவிட்டது, அடுத்த மாதம் கிளம்புகிறாள். அதை வைத்து நீங்கள் எதையும் முடிவு செய்ய முடியாது. உண்மை சொன்னவர்களுக்கும் இடம் கிடைக்கிறது, அம்மா சொல்லிக்கொடுத்ததைச் சொன்னவர்களுக்கும் கிடைக்கிறது. பேசி முடித்துக் கைமேடம் வெளியே வந்தபோது, காலடியிலேயே கிடந்த செருப்பைத் தேடினார். அம்மா காபி கலக்கவா என்றதற்கு, "இன்னொரு நாள்" என்றார். வாசல்வரை போய்த் திரும்பி வந்து, தங்கையின் தலையில் கை வைத்துவிட்டுப் போனார். அது மன்னிப்பா, ஆசீர்வாதமா, வெறும் பிடிமானமா என்று எனக்குத் தெரியாது. தங்கையிடம் கேட்டேன். "இடம் கிடைச்சாச்சு இல்ல, விடேன்" என்றாள். கைமேடத்திடம் கேட்க எனக்குத் தைரியமில்லை.

அதனால் பேச்சு தொடங்கிய இடத்துக்கே உங்களைக் கூட்டிப்போகிறேன். கதவு சும்மா சாத்தித்தான் இருக்கிறது, தாழ் போடவில்லை. திரையில் மூவரும் வந்துவிட்டார்கள். வெள்ளை முடி அம்மாள் நலம்கூட விசாரிக்காமல் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டார். கைமேடம் திரையைப் பார்க்கவில்லை, தங்கையைத்தான் பார்க்கிறார். தங்கை மூச்சை இழுத்துக்கொள்கிறாள்.

அவள் முகத்தைப் பார்க்க எனக்குக் கூசுகிறது. நான் கதவுக்கு இந்தப் பக்கமே நின்றுகொள்கிறேன். நீங்கள் உள்ளே போங்கள்.