முட்டியோடு நின்ற கத்தி

டைல்ஸ்காரரிடமிருந்து எடுத்த வலது கால், அவர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புவதற்கு முன்பே தனியாக வீடு வந்து சேர்ந்தது. கதவைத் திறந்த மனைவி, "வந்துட்டியா? மண்ணோட உள்ள வராதே" என்று ஒரு கோணியை விரித்துப் போட்டாள். சர்க்கரை நோயில் அந்தப் பாதம் மரத்துப்போய் வருஷக்கணக்காகியிருந்தது. டைல்ஸ் சில்லு ஏறியதுகூடத் தெரியாமல் மனுஷன் சிமெண்ட் கலவையிலேயே நின்றிருந்தார். முட்டிக்குச் சற்றுக் கீழே வரை அழுகிவிட்டது. தொடையில் எடுத்துவிடலாம், செயற்கைக் கால் சுலபமாகப் பொருந்தும் என்றுதான் டாக்டரம்மா முதலில் சொன்னார். "அவரு நின்னு சம்பாதிக்கலைம்மா, மண்டி போட்டுச் சம்பாதிக்கிறாரு" என்றாள் மனைவி. டாக்டரம்மா யோசித்தார். ரம்பத்தைத் தொடாமல், எலும்பை அறுக்காமல், முட்டி மூட்டில் தசைநார்களை மட்டும் பிரித்துக் காலைக் கழற்றினார். தொடை எலும்பின் அகன்ற நுனி முழுசாக இருந்தால் உடம்பின் பாரத்தைத் தாங்கும். தையல் ஆறாவிட்டால் மேலே வெட்டத்தான் வேண்டும் என்பதையும் அவர் மறைக்கவில்லை.

அவர் வீடு திரும்பிய பிறகும் தையலில் ஒரு மூலை மட்டும் ஆறுவேனா என்று அடம்பிடித்தது. அடுத்த வாரமும் இப்படியே இருந்தால் தொடைதான் என்று சொல்லிவிட்டார்கள். டைல்ஸ்காரர் தன் கோபத்தையெல்லாம் கதவோரம் நின்ற கால்மேல் காட்டினார். "கண்ணு முன்னால நிக்காதே, துரோகி!" என்று கத்தினார். "அது என்ன பாவம் பண்ணுச்சு, இத்தனை வருஷம் உங்களைச் சுமந்ததைத் தவிர?" என்று மனைவி கேட்டதும் அவருக்குப் பொசுக்கென்று கண் கலங்கிவிட்டது. அதை மடியில் எடுத்து வைத்து, வெந்நீரில் கழுவி, நகம் வெட்டிவிட்டார். "நல்லா உழைச்சே. நான்தான் உன்னைக் கவனிக்காம விட்டுட்டேன். போயிட்டு வா ராசா" என்றார். கால் எழுந்து தெருவில் இறங்கிப் போயிற்று. மறுநாள் கட்டைப் பிரித்தபோது அந்த மூலை மூடியிருந்தது.

புண் நன்றாக ஆறிய பிறகு, டாக்டரம்மா கையைப் பிடித்து அவரை வெறுந்தரையில் மண்டியிட வைத்தார். முழுப் பாரமும் அந்த நுனியில் இறங்கியது.

"வலிக்குதா?"

"இல்லம்மா. தரை ஜில்லுன்னு இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு டைல்ஸ்காரர் குலுங்கிக் குலுங்கி அழுதார். "உங்க கைக்கு கோடி புண்ணியம்" என்று மனைவி கும்பிட்டாள். டாக்டரம்மாவும் மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

அதற்குப் பிறகு எத்தனையோ வீடுகளுக்கு அவர் மண்டியிட்டே தரை போட்டார். புதுத் தரையை ஒரு நாள் யாரும் மிதிக்கக்கூடாது. அது கழிந்ததும் கால் எங்கிருந்தோ வந்து, அறை அறையாக நடந்து பார்த்துவிட்டுப் போகும். வீட்டுக்காரர்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள். அது தெருமுனை திரும்பிய பிறகு கட்டிலையும் பீரோவையும் உள்ளே தூக்கி வருவார்கள்.