முன்சீபுகளுக்கு வகுப்பெடுத்த ஆடுகள்

பன்னிரண்டு முன்சீபுகள் ஒன்றாம் வகுப்புப் பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். எழுபத்தெட்டாம் வருடம், சித்திரை மாதக் கடைசி, வடகரப்பதியில் எங்கள் பள்ளிக்கூடம். பிள்ளைகளுக்கும் லீவு, கோர்ட்டுக்கும் லீவு. சட்டத்தோடு கொஞ்சம் பொருளாதாரமும் படித்தால் தீர்ப்பு இன்னும் நன்றாக இருக்கும் என்று சர்க்கார் ஐந்து நாள் வகுப்பு வைத்திருந்தது. திருவனந்தபுரத்திலிருந்து நான்கு பெரிய அதிகாரிகளும் வந்திருந்தார்கள். ஊரையே நடுங்கவைக்கிற ஆட்கள் எல்லாம் வாத்தியார் கேள்வி கேட்டுவிடுவாரோ என்று குனிந்துகொண்டதைப் பார்த்து எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

எனக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். நான் சாட்சி. என் வீட்டுக்காரர் குப்பண்ணன் வாதி, என் அண்ணன் காளிச்சாமி பிரதிவாதி. அண்ணனுடைய செம்மறி ஆடுகள் எங்கள் கடலைக்காட்டில் புகுந்து மேய்ந்துவிட்டன என்று வழக்கு. இரண்டு வக்கீல்களும் பழனாத்தாள் என்று என் பெயரையே சாட்சியாகப் போட்டிருந்தார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது சும்மாவா?

வழக்கு கிடக்கட்டும். வைகாசி இருபதாம் தேதி என் மகள் சாந்தாமணிக்குக் கல்யாணம். பெண்ணின் நெற்றியில் தாய்மாமன் பட்டம் கட்டாமல் எங்கள் குடும்பத்தில் கல்யாணம் நடந்ததில்லை. அண்ணனோ இரண்டு வருடமாக எங்கள் வாசலை மிதிக்கவில்லை. ராத்திரியெல்லாம் எனக்கு அதே நினைப்பு.

புத்தகத்து வழக்கு போதாது, உயிருள்ள வழக்கு ஒன்று வேண்டும் என்று வாத்தியார் கேட்டாராம். எங்கள் வழக்கை விசாரிக்கும் முன்சீபு சரஸ்வதியம்மாள் இரண்டு தரப்பிலும் சம்மதம் வாங்கி எங்களை வரச்சொல்லியிருந்தார். "இங்க தீர்ப்பு கிடையாது, பாடம் மட்டும்தான்" என்று முதலிலேயே கறாராகச் சொல்லிவிட்டார்.

வாத்தியார் பெயர் மத்தியாஸ். ஏலப்பாறைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, சீமைக்குப் போய்ப் படித்து வந்தவர். சாக்பீஸ் கையில் ஏறினால் மனுஷனுக்கு உற்சாகம் தாங்காது.

"இவரு ஆடு, அவரு கடலை. சட்டம் யாரு பக்கம் நின்னாலும் சரி. ரெண்டு பேரும் உக்காந்து பேசுனாகன்னா, ரெண்டு பேருக்கும் எது லாபமோ அங்கதான் போயி நிக்கும்" என்றார்.

முன்சீபுகள் மளமளவென்று எழுதிக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. பேசினால்தானே! எதிரே வந்தால் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொள்கிற ஜென்மங்கள். வகுப்பிலும் ஒருவர் ஜன்னலோரம், மற்றவர் கதவோரம்.

மத்தியாஸ் என் வீட்டுக்காரரிடம் வந்தார்.

"அய்யா, கோர்ட்டு நிரந்தரத் தடை குடுத்துருச்சுன்னு வச்சுக்கிடுவோம். அவரு ஆடு இனிமே ஒங்க காட்டுக்குள்ள வரவே வராது. அது ஒங்களுக்கு எவ்வளவு பெறும்? சும்மா சொல்லுங்க."

தொகையை எழுதச் சாக்பீஸ் கரும்பலகையில் காத்திருந்தது. என் வீட்டுக்காரர் முகம் சுருங்கிவிட்டது.

"வரவே வராதுங்களா?"

"வராது."

"சித்திரையிலயுங்களா?"

"எந்த மாசத்துலயும் வராது. ஆயுசுக்கும்."

"அப்பறம் என்ர காடு என்னத்துக்குங்க ஆகும்? அப்படியொரு தடை நான் கேக்கவே இல்லீங்களே!"

சரஸ்வதியம்மாள் வழக்குக் கட்டைப் புரட்டினார். "கேட்டிருக்கீங்களே, மூணாவது பக்கத்துல."

"அது வக்கீல் எழுதுனதுங்க."

மத்தியாஸ் கையில் சாக்பீஸோடு விழித்துக்கொண்டு நின்றார். அதற்குமேல் எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்துவிட்டேன்.

"ஏனுங் சார், ஆடு உள்ள வந்தா நட்டம்ங்கறது உங்க தேயிலைத் தோட்டத்துல. இங்க வெள்ளாமை எடுத்த காட்டுக்கு ஆட்டுக்காரரை நாங்களேதான் கூப்புடுவமுங்க. ராத்திரிக்குப் பட்டி போட்டு ஆட்டை அடைச்சாத்தான் புழுக்கையும் மூத்திரமும் உழுந்து அடுத்த வெள்ளாமை நல்லா வரும். இருவது வருசமா எங்கண்ணன் பட்டி மொதல்ல எங்க காட்டுலதானுங்க. ரெண்டு வருசத்துக்கு முந்திச் சித்திரைல அது நஞ்சப்பன் காட்டுக்குப் போயிருச்சு. அந்தக் கோவத்தை இவரு நாலு மாசம் அடைகாத்தாரு. ஆவணில நாலு ஆடு வேலி தாண்டிக் கடலையைக் கடிச்சுது, கேசைப் போட்டுட்டாரு. ஆடு வந்ததுக்கு இல்லீங்க கேசு. வராததுக்கு!"

பள்ளிக்கூடம் அதிர்ந்தது. ஒரு முன்சீபு சிரித்த சிரிப்பில் பெஞ்சு சாய்ந்து, பக்கத்து அதிகாரியையும் இழுத்துக்கொண்டு விழுந்தது.

"கூப்புடாத காட்டுல எப்படீங்க பட்டி போடறது?" கதவோரத்திலிருந்து அண்ணன் குரல். "வருசா வருசம் வெத்தலை பாக்கு வெச்சுக் கூப்புடுவாரு. அந்த வருசம் வரல. பத்து நாளு காத்துப் பாத்தேனுங்க. நஞ்சப்பன் வந்து கூப்புட்டான், போயிட்டேன்."

என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "இருவது வருசம் ஆச்சு. மச்சானுக்கு இன்னும் எதுக்கு வெத்தலை பாக்கு, தானா வருவாருன்னு இருந்துட்டேன்."

சிரிப்பு அடங்கிவிட்டது. மத்தியாஸ் தன் கைக்குட்டையாலேயே கரும்பலகையைத் துடைத்தார்.

"பேசுறதுக்கும் ஒரு செலவு உண்டுன்னு சீமையில சொல்லிக் குடுத்தாக. அது ஒரு வெத்தலையும் ஒரு கொட்டப்பாக்கும்னு ஒருத்தரும் சொல்லல" என்றார்.

நான் இடுப்பிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்து, வெற்றிலை பாக்கை எடுத்து என் வீட்டுக்காரர் கையில் திணித்தேன். போங்க என்று முதுகில் ஒரு தள்ளும் தள்ளினேன். அவர் ஜன்னலோரத்திலிருந்து கதவோரத்துக்கு நடந்தார். பத்து அடி தூரம்தான், இரண்டு வருடமாக நடக்காத தூரம். வெற்றிலையை அண்ணன் முன்னால் பெஞ்சில் வைத்தார்.

அண்ணன் உடனே எடுக்கவில்லை. பிறகு எடுத்து, வேட்டியில் துடைத்து, மடியில் கட்டிக்கொண்டார்.

"கோர்ட்டு தொறந்ததும் ராஜி மனு குடுத்துடுங்க" என்றார் சரஸ்வதியம்மாள். இரண்டு பேர் காதிலும் அது விழுந்ததாகத் தெரியவில்லை.

"எத்தனை நாளைக்குப் பட்டி போடட்டும் மாப்ளே?" என்று கேட்டார் அண்ணன்.

"வைகாசி இருவது வரைக்கும் போடுங்க மச்சான். அன்னைக்கு விடியக்காலம் மட்டும் ஆட்டை யாரு கையிலயாவது உட்டுட்டு ஊட்டுக்கு வந்துருங்க. சாந்தாமணிக்குப் பட்டம் கட்டோணும்."

நான் வாய்விட்டு அழுதேன். கோர்ட்டாக இருந்தால் டவாலி அதட்டியிருப்பார். பள்ளிக்கூடம்தானே, அதுவும் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம், ஆசை தீர அழுதேன். பன்னிரண்டு முன்சீபுகளும் அதை எழுதிக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.