ஜெபமலரின் கைப்பிடி

மூன்றாம் மாதச் சோதனையில் ஜெபமலரின் கைவலு பாதியாகக் குறைந்திருந்தது. டாக்டர் ஜானவிக்கு முதலில் பிடிவலுவை அளக்கும் கருவியின் மீதுதான் சந்தேகம் வந்தது. உதவியாளன் அபினிடம் வேறொன்றைக் கொண்டுவரச் சொன்னாள். அதிலும் அதே அளவு. அபின் தன் கையால் அமுக்கிப் பார்த்தான்; கருவியில் ஒரு குறையும் இல்லை.

"என்னம்மா ஆச்சு?"

"க்ஷீணம், டாக்டரம்மா. கையில ஒரு பெலனும் இல்ல" என்றாள் ஜெபமலர், தலையை நிமிர்த்தாமல்.

ஜானவி திருவனந்தபுரத்தில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் முதுமைத் தளர்ச்சியை ஆராய்ந்து வந்தாள். வயதாவது வேறு, தளர்ந்துபோவது வேறு என்பது அவளுடைய நம்பிக்கை. எண்பதில் தானே படியேறுகிறவர்களும் உண்டு. அறுபதிலேயே நாற்காலியை விட்டு எழ ஆள் தேடுகிறவர்களும் உண்டு. நடையின் வேகம், கைப்பிடியின் வலு, காரணமில்லாமல் எடை குறைவது, சோர்வு இவற்றைக் கவனித்துவந்தால் தளர்ச்சி வருவதை முன்பே கண்டுகொள்ளலாம். பயிற்சியாலும் சாப்பாட்டாலும் அதைத் தள்ளியும் போடலாம். இதற்காக ஆரியசாலை வட்டாரத்துப் பெரியவர்கள் சிலரைச் சேர்த்து, ஒரு தேவாலயக் கூடத்தில் வியாழக்கிழமைகளில் பயிற்சி நடத்திக்கொண்டிருந்தாள்.

அந்தக் குழுவில் ஜெபமலர்தான் திடமானவள். மலைமேல் போனக்காடு தேயிலை எஸ்டேட்டில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே கொழுந்து கிள்ளியவள். எஸ்டேட் முடங்கியபின் மகன் பிரஜினோடு நகரத்துக்கு இறங்கி வந்தாள். பிரஜின் ஆரியசாலையில் சின்னதாக ஒரு சாப்பாட்டுக்கடை வைத்திருந்தான். முதல் நாள் ஜெபமலர் கருவியை அமுக்கியபோது அபின் விசிலே அடித்துவிட்டான். கூட வந்திருந்த பிரஜினிடம் ஜானவி பூரிப்போடு சொன்னாள்: "உங்கம்மாவுக்கு அம்பது வயசுக்காரங்களோட பலம் இருக்கு. சும்மா உட்கார வெச்சுடாதீங்க, நல்லா நடமாடட்டும்."

அப்படிப்பட்டவளுக்கு இப்போது நடையும் மந்தமாகியிருந்தது. ரத்தம், தைராய்டு, கழுத்து எலும்பு, கை நரம்பு எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்தாள் ஜானவி. எதிலும் கோளாறு இல்லை. மற்றவர்களெல்லாம் தேறிக்கொண்டிருக்கும்போது இவள் மட்டும் ஏன் சரிகிறாள்? தான் கொடுத்த பயிற்சியே இவளைக் கெடுத்துவிட்டதோ? சக ஆராய்ச்சியாளன் கைலாஷ், "இத்தனை பேர்ல ஒரு ஆள் அப்படி இப்படி இருக்கும், விடு" என்றான். ஜானவியால் விட முடியவில்லை.

ஒரு நாள் மதியக் கூட்டம் ஓய்ந்த நேரத்தில் அவள் பிரஜினின் கடைக்கே போனாள். பிரஜின் சரக்கு எடுக்கப் போயிருந்தான். அவன் மனைவி ஜெஸ்லின் தேநீர் கொடுத்தாள். பின்கட்டில் நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். ஜெபமலர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், கைகளை மடியில் போட்டபடி உட்கார்ந்திருந்தாள்.

"அத்தைக்கு வய்யாமப் போனப்புறம் ராகேல் அக்காவ மறுபடியும் வேலைக்குக் கூப்பிட்டாச்சு. அத்தைய இப்ப ஒண்ணும் செய்ய விடுகதில்ல" என்றாள் ஜெஸ்லின்.

ஜானவி ஜெபமலரின் உள்ளங்கையைத் தடவிப் பார்த்தாள். தசை எங்கும் சூம்பவில்லை. வலு போன கை இப்படி இருக்காது. குழப்பம் கூடியதுதான் மிச்சம். விடைபெற்றுக்கொண்டு, பாத்திரம் கழுவிய தண்ணீர் தேங்கியிருந்த பின்வாசல் படியில் கால் வைத்தாள். சர்ரென்று வழுக்கியது. விழுந்துவிட்டோம் என்று நினைத்த கணத்தில் ஒரு கை அவள் மணிக்கட்டைப் பற்றி, ஒரே இழுப்பில் நிமிர்த்தி நிறுத்தியது.

பிடித்தவள், வழியனுப்ப எழுந்து வந்த ஜெபமலர். சட்டென்று கையை விட்டுவிட்டாள். ஜானவி சிவந்துபோன மணிக்கட்டைப் பார்த்தாள். பிறகு அவள் முகத்தைப் பார்த்தாள். ஜெபமலர் உள்ளே திரும்பி ஜெஸ்லின் கவனிக்கவில்லை என்று தெரிந்துகொண்டு, "வாங்க, தெருமுனை வரைக்கும் வாறேன்" என்றாள்.

மிளகாய் மூட்டை இறக்குகிறவர்களைத் தாண்டியதும் அவளே தொடங்கினாள்.

"எல்லாம் நீங்க சொன்ன ஒரு வார்த்தைதான், டாக்டரம்மா. அம்பது வயசு பெலன்னு சொன்னியல்லா? மறுநாளே ராகேல நிறுத்திட்டான். அம்மைக்குப் பெலன் இருக்கு, சும்மா இருக்கப்படாதுன்னு டாக்டரே சொல்லிட்டாங்கன்னு. தேங்கா திருவ நான், மாவாட்ட நான், அண்டா கழுவ நான். விடிஞ்சதுலேருந்து நின்ன காலு. அவன் மோசமானவன் இல்ல, கேட்டுதா? எனக்கு நல்லதுன்னு நெனச்சுத்தான் செய்தான்."

"முடியலைன்னு அவர்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"நான் சொன்னா, 'உங்களால முடியும்மா'ம்பான். உங்க மிஷின் சொன்னா நம்புவான்."

"அப்ப நடையும்...?"

"அதும் வேணும்னுதான் மெதுவா நடந்தேன்" என்று ஜெபமலர் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். பிறகு பயந்துபோய், "ஏமாத்தினேன்னு மட்டும் அவங்கிட்ட சொல்லிராதீங்க. வியாழக்கிழமை வராதேன்னும் சொல்லிராதீங்க. எனக்கு வெளிய எறங்க அது ஒண்ணுதான் இருக்கு" என்றாள்.

ஜானவிக்குக் கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இத்தனை வருஷமாக மனிதர்களின் வலுவை அளந்துவருகிறாள். அந்த வலு யாருக்குப் போய்ச் சேருகிறது என்று ஒருமுறைகூட யோசித்ததில்லை. குழுவிலிருந்த தாணு நினைவுக்கு வந்தார். மருமகள் பக்கத்தில் நின்றால் முகம் சிவக்க, மூச்சைப் பிடித்துக்கொண்டு அமுக்குவார். அவருக்கு என்ன பயமோ? தன்னிடம் இருக்கும் அளவுகளில் எதை நம்புவது?

இரண்டு நாள் கழித்து பிரஜினை வரச்சொன்னாள். அம்மாவின் கை தேறினாலும் ராகேலை நிறுத்த வேண்டாம் என்று மட்டும் சொன்னாள். அவன் முகத்தில் உண்மையான திகைப்பு.

"மேடம், நீங்கதான் நடமாடச் சொன்னிய. இப்ப வேலை வாங்காதேன்னு சொல்லுதிய. அம்மை வேலை செய்யணுமா, செய்யப்படாதா? ஒண்ணு சொல்லுங்க."

"பயிற்சி வேற, வேலை வேற பிரஜின்."

"போனக்காட்டுல அம்மை எந்தப் பயிற்சிக்குப் போச்சு? மலை ஏறி எறங்கி வேலை செஞ்சுதானே இந்தப் பெலன் வந்தது?"

களைக்கும்வரை உழைப்பதற்கும் தேறுவதற்காக அசைவதற்கும் உள்ள வித்தியாசத்தை ஜானவி மேடையில் படம் போட்டு விளக்கியிருக்கிறாள். அவனிடம், "அவங்களுக்குக் களைப்பு வராம பார்த்துக்கோங்க" என்று மட்டும் சொன்னாள். பிரஜின் சரியென்று தலையாட்டிவிட்டுப் போனான். ராகேலை அவன் நிறுத்தவில்லை.

ஜெபமலரின் மூன்றாம் மாத அளவு நம்பத்தக்கதல்ல என்று ஜானவி கணக்கிலிருந்து நீக்கினாள். ஆறாம் மாதச் சோதனைக்கு ஜெபமலர் கொலுசு சத்தம் கேட்க வேகமாக நடந்து வந்தாள். "இன்னைக்கு உள்ளது உள்ளபடி" என்று சொல்லிக் கருவியை வாங்கி, கண்ணை இறுக்கிக்கொண்டு அமுக்கினாள்.

அளவு மூன்றாம் மாதத்தைவிடக் கொஞ்சம்தான் கூடியிருந்தது. முதல் நாள் அளவுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை.

ஜானவி அவளைப் பார்த்தாள். ஜெபமலரின் முகத்தில் சிரிப்பு மறைந்தது. "முழுசாத்தான் பிடிச்சேன், சத்தியமா" என்றாள். இன்னொருமுறை அமுக்கினாள். மறு கையாலும் அமுக்கினாள். "சேர்லயே இருந்து இருந்து கை மறந்துபோச்சோ?"

அப்படியும் இருக்கலாம். மாதக்கணக்காக எதையும் தூக்காத கை வலுவிழக்கும். அல்லது இது வயதின் சரிவாக இருக்கலாம். அல்லது இவள் இன்னும் நடிக்கிறாளோ? அப்படி நினைத்ததற்கு ஜானவி தன்மேலேயே எரிச்சல்பட்டாள். மறுபடியும் எல்லாச் சோதனைகளும் நடந்தன. மறுபடியும் எல்லாம் சரியாகவே இருந்தது. சின்ன எடைகளைத் தூக்கும் பயிற்சியைத் தொடங்கிவைத்தாள். வாரங்கள் போகப்போக வலு மெல்ல ஏறியது. எதனால் இறங்கியது, எதனால் ஏறுகிறது என்று அவளால் திட்டமாகச் சொல்ல முடியவில்லை.

ஒன்று மட்டும் செய்தாள். குழுவிலிருக்கும் எல்லோரிடமும், குடும்பத்தார் பக்கத்தில் இல்லாதபோது, ஒரு புதுக் கேள்வி கேட்க ஏற்பாடு செய்தாள். ஜெபமலரிடம் அவளே கேட்டாள்.

"வீட்டுல என்ன வேலை செய்ய உங்களுக்கு இஷ்டம்?"

ஜெபமலர் கூடத்தின் ஜன்னலைப் பார்த்தாள். அபின் பேனாவோடு காத்திருந்தான்.

"எனக்கா?"

"உங்களுக்குத்தான்."

"யோசிச்சிட்டு அடுத்த வியாழக்கிழமை சொல்லட்டா, டாக்டரம்மா?" என்றாள் ஜெபமலர்.